அப்பா அம்மாவுடன் நியூயார்க்கில் ஒரே ஒரு சனிக்கிழமை: மெட் மியூசியமா, சென்ட்ரல் பார்க்கா?

எடிசன்வாசி:

எல்லோருக்கும் வணக்கம். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவும் அம்மாவும் நவம்பர் கடைசியில் திரும்புகிறார்கள். வந்து ஐந்து மாதம் ஆகிறது. நயாகரா பார்த்தாயிற்று, வாஷிங்டன் பார்த்தாயிற்று, சுதந்திர தேவி சிலையையும் படகில் போய்ப் பார்த்தாயிற்று. டைம்ஸ் ஸ்கொயரில் அம்மா பத்து நிமிடம் நின்றுவிட்டு, "போதும்ப்பா, கண்ணு கூசுது" என்று சொல்லிவிட்டார். நியூயார்க்குக்கு இனி ஒரே ஒரு நாள்தான் மிச்சம், நவம்பர் இரண்டாவது சனிக்கிழமை. அதற்கு மேல் எனக்கு விடுப்பும் இல்லை, அவர்களுக்குத் தெம்பும் இல்லை.

என் மனைவி மெட்ரோபாலிடன் மியூசியம் என்கிறாள். எனக்கு சென்ட்ரல் பார்க்தான் சரி என்று படுகிறது. இலைகள் நிறம் மாறியிருக்கும், உட்கார இடம் இருக்கும், காசும் கிடையாது.

எங்கள் நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு 72 வயது. பொதுப்பணித் துறையில் பாசனப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர், பாதி சர்வீஸ் மேட்டூரில். வலது முழங்கால் தேய்மானம். சமதரையில் அரை மணி நேரம் நடப்பார், படிக்கட்டைப் பார்த்தால் நின்றுவிடுவார். மியூசியம் என்று பேச்செடுத்தால், "உடைஞ்ச பானையும் துருப்பிடிச்ச கத்தியும்தானே, நம்ம ஊர்ல இல்லாததா" என்கிறார். அம்மாவுக்கு 66. இது வேண்டும் என்று வாய் திறந்து கேட்க மாட்டார். எங்கே கூட்டிப்போனாலும் நன்றாக இருக்கிறது என்பார், அதனால் அவருக்கு உண்மையில் எது பிடித்தது என்று எனக்கே தெரிவதில்லை. மகளுக்கு 6 வயது.

மியூசியத்துக்கு எனக்கும் மனைவிக்கும் தலைக்கு 30 டாலர், 65 வயதைத் தாண்டியவர்களுக்கு 22. குழந்தைக்கு டிக்கெட் இல்லை. மொத்தம் 104 டாலர். அப்பா இதை ரூபாயில் பெருக்கிப் பார்த்தால் வாசலிலேயே உட்கார்ந்துவிடுவார்.

பெற்றோரைக் கூட்டிப்போன அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது தெரியும். ஒரே நாளில் இரண்டையும் முட்டி மோதிப் பார்த்து அவர்களை அலைக்கழிக்க மனம் வரவில்லை.

ஓடும்கால்:

பார்க். யோசிக்கவே வேண்டாம்.

நான் 96ஆம் தெருப் பக்கம் ஒன்பது வருடமாக இருக்கிறேன். வாரத்தில் நாலு நாள் உள்ளே இருக்கும் ரிசர்வாயரைச் சுற்றி ஓடுகிறேன், ஒரு சுற்று 1.58 மைல். அதனால் பார்க்கை "சும்மா நாலு மரம்" என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு கேட்காது. 843 ஏக்கர். அதில் ஏரி, குளம் என்று கண்ணில் படுவது எல்லாமே மனிதர்கள் வெட்டியது. 1858இல் போட்டி வைத்து ஃபிரெடெரிக் லா ஓம்ஸ்டெட், கால்வர்ட் வாக்ஸ் என்ற இருவரின் வரைபடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். ஊரின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் வண்டிகள் போயாக வேண்டும், ஆனால் உள்ளே நடப்பவர் கண்ணில் அவை படக்கூடாது. அதற்காகக் குறுக்குச் சாலைகள் நாலையும் பள்ளத்தில் இறக்கி, மேலே பாலம் போட்டு மண்ணும் செடியுமாக மூடினார்கள். இன்றைக்கும் அதன் மேல் நடந்து போகிறவர்களில் பாதிப் பேருக்குக் கீழே சாலை ஓடுவது தெரியாது. அப்பா பொதுப்பணித் துறைக்காரர் என்கிறீர்கள். அவரை அந்தப் பாலத்தின் ஓரத்தில் நிறுத்திக் கீழே எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேற்குப் பக்கம், 82ஆம் தெருவுக்கும் 89ஆம் தெருவுக்கும் இடையில் செனகா வில்லேஜ் என்று ஒரு ஊர் இருந்தது. கறுப்பினத்தவர்கள் சொந்தக் காசில் நிலம் வாங்கி வீடும் தேவாலயமும் கட்டிக்கொண்டு வாழ்ந்த இடம். பார்க்குக்காக 1857இல் அவர்களைக் கிளப்பிவிட்டார்கள். அந்தப் பக்கம் ஓடும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.

நவம்பர் இரண்டாம் வாரம் என்றால், மால் என்று சொல்லும் நீள நடைபாதையில் இரண்டு பக்கமும் எல்ம் மரங்கள் மஞ்சளாக இருக்கும். தரை சமம், வழி நெடுக பெஞ்ச். அது முடியும் இடத்தில் பெதெஸ்டா நீரூற்றும் அதன் மேல் சிறகு விரித்த தேவதையும். 1873இல் திறந்தது, செய்தவர் எம்மா ஸ்டெபின்ஸ் என்ற பெண் சிற்பி. கீழே இறங்கப் படிகள் உண்டு, ஆனால் மேலே கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டே எல்லாம் பார்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை. முழங்கால் வலி என்று சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏறினால், ஏறும் முன் நிமிடத்துக்கு எவ்வளவு என்ற பலகையைப் படித்துவிட்டு, மொத்தம் எவ்வளவு ஆகும் என்று பேசி முடித்துவிடுங்கள். என் சித்தப்பா சித்தி வந்தபோது நான் கூடப் போகவில்லை. ஓட்டியவர் பேச்சுக் கொடுத்துக்கொண்டே மெதுவாகச் சுற்றி, இறங்கும்போது 140 டாலர் கேட்டிருக்கிறார். சித்தப்பா பேசாமல் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். எங்களிடம் அதைச் சொன்னதே இரண்டு நாள் கழித்துத்தான். அன்று நான் கூட இருந்திருக்க வேண்டும்.

புதுவரவு_22:

மெட்டில் டிக்கெட் என்று போட்டிருப்பது சும்மா. கவுன்டரில் விரும்பியதைக் கொடுக்கலாம், ஒரு டாலர் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார்கள். நாங்கள் 2015இல் அப்படித்தான் போனோம்.

குடந்தை மகள்:

முதலில் டிக்கெட் விஷயம். 2015இல் அது சரி. 2018 மார்ச்சில் இருந்து மாற்றிவிட்டார்கள். விரும்பியதைக் கொடுக்கும் சலுகை இப்போது நியூயார்க் மாநிலத்தில் வசிப்பவர்களுக்கு மட்டும்தான். நியூஜெர்சி, கனெக்டிகட்டில் படிக்கும் மாணவர்களுக்கும் உண்டு. எடிசன் இருப்பது நியூஜெர்சியில், அந்த விலாசத்தை வைத்துக்கொண்டு கவுன்டரில் பேரம் பேசினால் பெரியவர்கள் முன்னால் சங்கடம்தான் மிஞ்சும்.

தம்பி, நான் சொல்வது மியூசியம். ஆனால் மியூசியம் முழுவதும் இல்லை, அதில் இரண்டே இரண்டு இடம்.

ஓடும்கால் பார்க்கைப் பற்றிச் சொன்னதில் ஒரு வரியைக்கூட மறுக்க மாட்டேன். ஆனால் உங்கள் அப்பா அம்மா ஐந்து மாதமாக எடிசனில் இருக்கிறார்கள். வீட்டு வாசலிலேயே மேப்பிள் மரம் சிவந்து நிற்கும். தினமும் சாயங்காலம் ரூஸ்வெல்ட் பார்க்கில் நடந்திருப்பார்கள், வாத்து பார்த்திருப்பார்கள். மரத்தடியும் பெஞ்சும் அவர்களுக்குப் பழகிவிட்டன. ஊருக்குப் போனால் கிடைக்காதது, எடிசனிலும் கிடைக்காதது எது என்று பாருங்கள்.

நான் இதைக் கஷ்டப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். மூன்று வருடம் முன்பு என் மாமியாரைக் கூட்டிப்போனேன். கையில் வரைபடம். ஒன்றையும் விடக்கூடாது என்று எகிப்து, கிரேக்கம், கவசங்கள், வான்கோ, மோனே என்று நாலு மணி நேரம் இழுத்துக்கொண்டு அலைந்தேன். கடைசியில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார், இரண்டு பாதமும் வீங்கியிருந்தன. பிடித்திருந்ததா என்று கேட்டேன். "எல்லாம் பார்த்தேம்மா" என்றார். என்ன பார்த்தார் என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை, எனக்கும் கேட்க வாயில்லை. அன்று செய்தது தவறு என்று இப்போதும் உறுத்துகிறது.

சென்ற வருடம் என் அம்மா வந்தார். அம்மாவுக்குப் பிறந்த வீடு சுவாமிமலைக்குப் பக்கம், ஸ்தபதிகள் பட்டறையில் உலை எரிவதைப் பார்த்து வளர்ந்தவர். இந்தத் தடவை நேராக லிஃப்டில் இரண்டாம் தளம், தெற்காசியப் பிரிவு. வேறு எங்கேயும் திரும்பவில்லை.

அங்கே ஒரு பார்வதி இருக்கிறாள். பத்தாம் நூற்றாண்டின் முதல் கால் பகுதி, சோழர் காலம். உயரம் 70 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, நம் இடுப்பளவுகூட வராது. அம்மா அவள் முன்னால் நின்றவர் நின்றவர்தான். கொஞ்ச நேரம் கழித்து மெல்லக் கேட்டார்: "ஏன்டி, இவளுக்கு ஒரு முழம் பூகூட இல்லையா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருடம் கோயிலுக்குப் போகிறோம், உற்சவரை இப்படிப் பார்த்ததே கிடையாது. பட்டுப்புடவை, மாலை, கவசம், அத்தனைக்கும் நடுவில் முகம் மட்டும் தெரியும். குருக்கள் தீபாராதனை காட்டும் அந்த இரண்டு விநாடியில் கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர வேண்டும். இங்கே பட்டு இல்லை, மாலை இல்லை. இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்து, முழங்கால் லேசாக மடிந்து, தோள் மறுபக்கம் சரிந்து, அந்த மூன்று வளைவும் அப்படியே தெரிகிறது. இடது கை சும்மா தொங்குகிறது, அதன் விரல்களில் ஒரு நளினம். வலது கை விரல்கள் எதையோ பிடித்திருப்பது போல் வளைந்திருக்கின்றன, உள்ளே ஒன்றும் இல்லை. அம்மா அதைக் காட்டித் தன் விரலையும் அப்படியே வளைத்தார். "இதுலதான் பூ சொருகுவாங்க. எங்க ஊர் அம்மனுக்கு நீலோத்பலம் கிடைக்காட்டா அரளியாவது வைப்பார் குருக்கள்" என்றார். அம்மா பக்கத்தில் நின்று சொன்னதால்தான் அந்த வெறும் விரல் எதற்கு என்று எனக்குத் தெரிந்தது. இத்தனைக்கும் நான் அந்த மியூசியத்துக்கு ஆறு தடவை போனவள்.

அப்புறம் வார்ப்பைப் பற்றிச் சொன்னார். மெழுகில் உருவம் பிடித்து, மேலே வண்டல் மண் பூசி, சுட்டு மெழுகை வடித்து, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவது. ஆறிய பிறகு மண்ணை உடைத்துத்தான் எடுக்க வேண்டும், அதனால் ஒரு அச்சுக்கு ஒரே ஒரு சிலை. பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி அம்மா கையசைப்பதைப் பார்த்துவிட்டு என்ன சொல்கிறார் என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். அம்மா தயங்காமல் தொடர்ந்து சொன்னார். அமெரிக்காவில் இருந்த ஆறு மாதத்தில் அம்மா யாருக்காவது ஒன்றைச் சொல்லிக்கொடுத்தது அன்று மட்டும்தான். மற்ற நாளெல்லாம் நாங்கள்தான் அவருக்கு அடுப்பு எப்படி, ரிமோட் எப்படி என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

அதே பகுதியில் பதினோராம் நூற்றாண்டு நடராஜர் உண்டு. குழந்தைக் கண்ணனுக்குப் பால் கொடுக்கும் யசோதை உண்டு, சின்னச் சிலை, தேடிப் பார்க்க வேண்டும்.

ஒன்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். அம்மா கேட்பார், "இது எந்த ஊர் கோயில்?" என்று. என் அம்மா கேட்டார். பார்வதியின் பெயர்ப் பலகையில் இந்தியா, தமிழ்நாடு என்பதோடு சரி, ஊர் பெயர் கிடையாது. ஒரு அமெரிக்கப் பெண்மணியின் உயில்படி 1956இல் மியூசியத்துக்கு வந்தது. அதற்கு முன் எந்த வீதியில் பல்லக்கில் போனாள் என்று அந்தப் பலகையில் இல்லை. அம்மா இரண்டு முறை கேட்டார். 2023இல் இதே மியூசியம் 15 சிற்பங்களை இந்தியாவுக்குத் திருப்பித் தருவதாக அறிவித்தது, கடத்தல் வியாபாரி ஒருவரோடு தொடர்பு இருந்தது தெரிந்த பிறகு. அதைச் சொன்னேன். "அதுவாவது வீடு போய்ச் சேரட்டும்" என்றார். எனக்கும் அந்த அறையில் சந்தோஷமும் வருத்தமும் ஒன்றாகத்தான் இருக்கும்.

இனி உங்கள் அப்பாவுக்கு. பாசனப் பிரிவு, மேட்டூர் என்று படித்ததுமே எனக்கு டெண்டூர் கோயில் நினைவுக்கு வந்தது. முதல் தளத்தில், கட்டடத்தின் வடக்குக் கோடியில் ஒரு முழு எகிப்தியக் கோயிலே நிற்கிறது. கி.மு. 15 வாக்கில் ரோமப் பேரரசர் அகஸ்டஸ் நைல் கரையில் கட்டியது. ஐசிஸ் தேவியோடு, உள்ளூர்த் தலைவர் ஒருவரின் இரண்டு மகன்களையும் தெய்வமாக வைத்துக் கும்பிட்ட இடம், நம் ஊர்க் குலதெய்வம் மாதிரி. 1960களில் அஸ்வான் உயர் அணை கட்டியபோது இது தண்ணீருக்குள் போக இருந்தது. கல் கல்லாகப் பிரித்து, எகிப்து அதை அமெரிக்காவுக்குக் கொடுத்தது. 661 பெட்டிகளில் கப்பலேறி வந்து, திரும்ப அடுக்கி, 1978இல் திறந்தார்கள். முன்னால் நைலுக்குப் பதிலாக ஒரு குளம். ஒரு பக்கம் முழுக்கச் சாய்வான கண்ணாடிச் சுவர், அதற்கு அந்தப் பக்கம் சென்ட்ரல் பார்க் மரங்கள். உட்கார இடம் தாராளம். அணையில் வேலை பார்த்தவருக்கு உடைந்த பானை காட்ட வேண்டாம், இதைக் காட்டுங்கள்.

நாள் எப்படிப் போக வேண்டும் என்றால், காலையில் வெளிச்சம் இருக்கும்போது பார்க், பிற்பகல் மியூசியம். மாற்றிச் செய்யாதீர்கள். நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தைப் பின்னால் தள்ளிவிடுவார்கள், அதற்கப்புறம் நாலே முக்காலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். இருட்டில், குளிரில் பார்க்கில் என்ன பார்ப்பது? மியூசியம் வெள்ளி, சனி இரவு 9 மணி வரை உண்டு.

ரயிலில் வந்து பென் ஸ்டேஷனில் இறங்கி, சப்வே என்கிற சுரங்க ரயில் படிக்கட்டில் அப்பாவை இறக்காதீர்கள். 32ஆம் தெருவில் இருந்து எம்4 பஸ் கிளம்புகிறது, மேடிசன் அவென்யூ வழியாக வடக்கே போகும். கூட்ட நாளில் எங்களுக்கு முக்கால் மணி நேரம் ஆனது, ஆனால் உட்கார்ந்தபடியே ஊர் பார்க்கலாம். 72ஆம் தெரு பக்கம் இறங்கி ஒரே ஒரு தெரு மேற்கே நடந்தால் ஃபிஃப்த் அவென்யூ, பார்க் வாசல். அங்கிருந்து அஞ்சு நிமிடத்தில் பொம்மைப் படகு விடும் குளம். தயிர்சாதமும் உருளைக்கிழங்குப் பொரியலும் அங்கேயே பெஞ்சில் சாப்பிட்டுவிடுங்கள், மியூசியத்துக்குள் வெளிச்சாப்பாடு ஆகாது. பிறகு பார்க் மதில் ஓரமாகவே நடைபாதையில் ஏழெட்டுத் தெரு வடக்கே போனால் மியூசியம். தரை சமம், வழியெல்லாம் பெஞ்ச். 82ஆம் தெருவில் இருக்கும் பெரிய படிக்கட்டுப் பக்கமே போக வேண்டாம். 81ஆம் தெரு முனையில் படி இல்லாத வாசல் இருக்கிறது. கோட்டு வைக்கும் இடத்தில் கேட்டால் சக்கர நாற்காலி இலவசமாகத் தருவார்கள். அப்பா வேண்டாம் என்பார். "எங்களுக்குப் பை வைக்க வேணும்ப்பா" என்று சொல்லி வாங்கிவிடுங்கள், ஒரு மணி நேரம் கழித்து அவராகவே உட்காருவார். என் அம்மா உட்கார்ந்தார்.

எடிசன்வாசி:

அக்கா, இதை மனைவியிடம் படித்துக் காட்டினேன். "நான் சொன்னப்ப கேக்கலை" என்றாள். அதுவும் நியாயம்தான்.

இரண்டு சந்தேகம். மகள் சிலைகள் முன்னால் எவ்வளவு நேரம் நிற்பாள்? அப்புறம், 104 டாலர் கொடுத்துவிட்டு இரண்டே இடம் பார்த்துத் திரும்புவது சரியா என்று மனசு அடித்துக்கொள்கிறது.

குடந்தை மகள்:

குழந்தைக்கு அந்தப் படகுக் குளத்துக்குப் பக்கத்திலேயே ஆலிஸ் வெண்கலச் சிலை இருக்கிறது, 1959இல் வைத்தது. பெரிய காளான் மேல் ஆலிஸ், பக்கத்தில் முயல். குழந்தைகள் அதில் ஏறி விளையாடலாம், ஏறி ஏறி வெண்கலமே பளபளவென்று தேய்ந்திருக்கும். காலையில் அங்கே ஆசை தீர விளையாடட்டும். மியூசியத்துக்குள் தெற்காசியப் பகுதி இருக்கும் அதே இரண்டாம் தளத்தில் ஒரு சீனத் தோட்டம் உண்டு. சூச்சோ நகரத்துத் தோட்டம் ஒன்றைப் பார்த்து, சீனாவிலிருந்தே கைவினைஞர்கள் வந்து கட்டியது, 1981இல் திறந்தது. பாறை, மூங்கில், மீன் நீந்தும் சின்னக் குளம். சலிப்பு தட்டினால் அங்கே உட்கார வைத்துவிடுங்கள்.

காசைப் பற்றி. 104 டாலரை அறைகளின் எண்ணிக்கையால் வகுக்காதீர்கள் தம்பி. நயாகராவுக்கு வண்டி, ஓட்டல் எல்லாம் எவ்வளவு ஆயிற்று? அங்கே எத்தனை மணி நேரம் நின்றீர்கள்? டிக்கெட்டை முன்னாடியே ஆன்லைனில் எடுத்துவிடுங்கள், அப்பா கண்ணில் விலைப் பலகை படாது.

ஓடும்கால்:

அக்கா சொன்ன வரிசை எனக்குச் சம்மதம். மியூசியத்துக்குப் போகும் முன் ஒரே ஒரு இடத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டடத்துக்கு நேர் பின்னால், பார்க்குக்குள், ஒரு எகிப்தியக் கல் தூண் நிற்கிறது. மூன்றாம் துட்மோஸ் காலத்தது, ஏறக்குறைய 3,500 வருடம் பழசு. 69 அடி உயரம், ஒரே கல். 1881இல் நிறுத்தினார்கள். ஆற்றங்கரையில் இறக்கி அங்கே கொண்டு வந்து சேர்க்க 112 நாள் ஆயிற்று. கீழே பெஞ்ச் இருக்கிறது. டெண்டூர் பார்க்கப் போகிறவர் இதையும் பார்க்கட்டும். டிக்கெட் கிடையாது என்று அப்பாவிடம் தாராளமாகச் சொல்லலாம்.

எடிசன்வாசி:

போய் வந்துவிட்டோம். எழுத வேண்டும் என்று இரண்டு நாளாகக் காத்திருந்தேன்.

காலையில் குளிர் அதிகம், ஆனால் நல்ல வெயில். மகள் ஆலிஸ் மேலிருந்து இறங்க மறுத்துவிட்டாள். அம்மா பெஞ்சில் உட்கார்ந்து, முதுகுச் சாய்வில் பதித்திருந்த சின்னத் தகட்டைப் படிக்கச் சொன்னார். யாரோ ஒரு மகள் தன் அம்மா அப்பாவின் பெயரைப் போட்டு, இங்கே உட்கார்ந்து பறவை பார்ப்பார்கள் என்று எழுதியிருந்தாள். அதற்கப்புறம் ஒவ்வொரு பெஞ்சிலும் உட்காரும் முன் "இது யாரோடது?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். அந்த ஏழெட்டுத் தெருவைக் கடக்க ஒரு மணி நேரம் ஆனது. பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். கல் தூணைச் சுற்றி வந்து, அடியில் உடைந்த முனைகளை எப்படித் தாங்கியிருக்கிறார்கள் என்று அப்பா குனிந்து பார்த்தார். முழங்கால் வலிக்கிறது என்று அங்கே சொல்லவில்லை.

டெண்டூரில் அப்பா முதலில் பேசவே இல்லை. சுற்றி ஒரு தடவை நடந்தார். சுவரில் ஐரோப்பியப் பயணிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொத்திவிட்டுப் போன பெயர்களைத் தடவாமல் கிட்டப் போய்ப் படித்தார். கல்லுக்குக் கல் இணைப்பு எங்கே வருகிறது என்று எனக்கு விரல் நீட்டிக் காட்டினார். பிறகு குளத்துக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டு மேட்டூரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அணை கட்டி முடித்தது 1934இல். உள்ளே மூழ்கிய ஊர்களில் பண்ணவாடிப் பக்கம் ஒரு சிவன் கோயிலும் ஒரு மாதா கோயிலும் உண்டு. கோடையில் நீர்மட்டம் இறங்கினால் முதலில் மாதா கோயில் கோபுரம் தெரியும், அப்புறம் நந்தியின் தலை. அவர் அங்கே வேலை பார்த்த காலத்தில் தண்ணீர் வற்றிய ஒரு வருடம் பரிசலில் போய் அந்த நந்தியைத் தொட்டிருக்கிறார். கழுத்து மணிகூட அழியாமல் இருந்ததாம். "அதையும் யாராவது பெட்டியில போட்டு மேல எடுத்து வச்சிருக்கலாம்" என்றார். எனக்கு 41 வயது. இந்தக் கதையை இதுவரை கேட்டதே இல்லை. மகளை மடியில் வைத்துக்கொண்டு பரிசல் எப்படிச் சுற்றும் என்று காட்டினார். கண்ணாடிக்கு வெளியே இருட்டும் வரை அங்கேயே இருந்தோம்.

மேலே அம்மாவுக்குப் பார்வதியைவிட யசோதையை ரொம்பப் பிடித்துவிட்டது. "கையைப் பாரு, பிள்ளைத்தாச்சி வீட்டுல பிள்ளையைப் பிடிக்கிற மாதிரியே இருக்கு" என்றார். நாங்கள் சீனத் தோட்டத்துக்குப் போய் மீன் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தபோதும் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தது அப்பா இல்லை, என் மகள்.

நேற்றுக் காலை காபி ஆற்றிக் கொடுக்கும்போது அம்மா கேட்டார்: "ஊருக்குப் போறதுக்குள்ள இன்னொரு தடவை அங்கே போக முடியுமாப்பா?" ஐந்து மாதத்தில் அம்மா தானாக வாய் திறந்து கேட்டது இது ஒன்றுதான். அடுத்த வாரம் எனக்கு ஒரு நாள் விடுப்பு கிடைக்கும் போலிருக்கிறது, செவ்வாய் அல்லது புதன். அம்மாவும் நானும் மட்டும். எந்த நாள் கூட்டம் குறைவு?

குடந்தை மகள்:

படித்துவிட்டு அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். நந்தி கதையை இரண்டு தடவை கேட்டார்.

செவ்வாய் போங்கள். புதன்கிழமை மியூசியம் விடுமுறை. காலை 10 மணிக்குத் திறப்பார்கள், அப்போதே உள்ளே போய்விட்டால் அந்த அறையில் உங்கள் இருவரைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள். சாயங்காலம் 5 மணிக்கு மூடிவிடுவார்கள், சனிக்கிழமை மாதிரி 9 மணி வரை கிடையாது.